மீன்காரரைத் தெரியாத நாய்

1

போன தை மாதம் ஒரு காலை, வேலைக்குப் போவதற்காக மூன்று அடுக்கு உடுப்பும் போட்டு, சப்பாத்து நாடாவைக் கட்டக் குனிந்தபோது திருகோணமலையில் இருந்து அக்கா தொலைபேசி எடுத்தார். டென்மார்க்கில் குளிர்காலத்தில் உடுத்து முடிப்பதே ஒரு வேலை. உடுத்த பிறகு தொலைபேசி அடித்தால் அது எந்தப் பையில் கிடக்கிறது என்று தடவிப் பார்ப்பது இன்னொரு வேலை. நான் தடவி எடுப்பதற்குள் அக்காவுக்குக் கோபம் ஏறிவிட்டது.

"தம்பி, உன்ர நாய் என்னைத் தனிச்சுப் போட்டுது," என்றார்.

"கடிச்சுப்போட்டுதோ?"

"என்னை ஏன் கடிக்குது? என்னோட நல்ல வாரப்பாடு, காலுக்குள்ளேயே கிடக்கும். வேற ஒரு சனத்தைக் கேற்றடிக்கு வர விடுதில்லை. அதுதான் கதை."

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். அவருக்கு இரண்டு நாள் நல்ல காய்ச்சல். எழும்ப ஏலாமல் படுத்திருந்தார். சல்லிக் கிராமத்தில் இருந்து வரும் மீன்காரர் யோகன் கேற்றுக்கு வெளியே நின்று ஹோர்ன் அடித்திருக்கிறார். நாய் கேற்றைப் பிய்த்துக்கொண்டு வருவது போலக் குரைத்திருக்கிறது. அக்கா எங்கேயோ பயணம் போய்விட்டார் என்று நினைத்து யோகன் போய்விட்டார். கிண்ணியாவில் இருந்து தயிர் கொண்டுவரும் றஹீமா சட்டியைக் கேற்றடியில் வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிட்டார். காய்ச்சல் விட்டு அக்கா வெளியே வந்து பார்த்தபோது தயிர்ச்சட்டி முழுவதும் எறும்பு.

"எறும்புக்குப் பயமில்லை. அதுகள் மட்டும் வந்திருக்குதுகள்," என்றார் அக்கா.

நான் சிரித்துவிட்டேன். சிரித்த வாய் மூடுவதற்குள் பயம் வந்தது. அத்தான் செத்த பிறகு அக்கா உட்துறைமுகப் பக்கத்து வீட்டில் தனியே இருக்கிறார். மகன்மார் இரண்டு பேரும் கனடாவில். அவருக்குத் துணையாக இருக்கட்டும் என்று அந்த நாயைப் பிடித்துக் கொடுத்தது நான்தான்.

2

அதற்கு முந்திய கோடை விடுமுறையில் நானும் மனைவியும் மகள் அபியும் ஊருக்குப் போயிருந்தோம். உப்புவெளியில் எங்களுக்குத் தெரிந்த ஒருவர் வீட்டில் நாய் குட்டி போட்டிருந்தது. பால் மறந்த ஒரு வெள்ளைக் குட்டியை நான் அட்டைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தேன். அபி அதற்கு 'பனி' என்று பெயர் வைத்தாள். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டும் ஊரில் பனி என்று ஒரு நாய்! அக்கா அதைக் கூப்பிடும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் குளிர்ந்தது.

அபிக்குப் பதினைந்து வயது. இங்கே எங்கள் பக்கத்து வீட்டுக் கிழவியிடம் ஒரு நாய் இருக்கிறது. அதைக் குட்டியாக வாங்கியபோது நாய்ப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் வந்தது அபிதான். நாய்க்குப் பள்ளிக்கூடமா என்று கேட்காதீர்கள். இந்த நாட்டில் நாய்க்கு இலக்கம் உண்டு, காப்புறுதி உண்டு. பக்கத்து வீட்டு நாய் சில நாட்களிலேயே சட்டப்படி டென்மார்க்கில் வசிக்கத் தொடங்கிவிட்டது. அதே இலக்கத்துக்காக ஒரு அகதி முகாமில் நான் வருடக்கணக்காகக் குந்தியிருந்ததை நினைத்தபோது அந்த நாயின் மேல் எனக்கு ஒரு சின்னக் கோபம்கூட இருந்தது.

அந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தது இதுதான்: பிறந்த முதல் மூன்று மூன்றரை மாதத்துக்குள் ஒரு குட்டி எதையெல்லாம் பயப்படாமல் கண்டு, கேட்டு, மணந்து பழகுகிறதோ அதுதான் அதற்கு உலகம். அந்தக் காலத்தில் காணாததெல்லாம் பிறகு அதற்கு அந்நியம். அந்நியத்தைக் கண்டால் பயம் வரும், பயம் வந்தால் குரைக்கும். நல்ல நாய், கூடாத நாய் என்பதில் பாதி அந்தச் சில வாரங்களிலேயே முடிவாகிவிடுகிறது.

அபி இதை மனப்பாடமாக வைத்திருந்தாள். ஊரில் கிடைத்த குட்டியை முறைப்படி வளர்த்துக் கொடுத்துவிட்டுத்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். காலையில் குட்டிக்கு முன்னால் மெல்லமாகக் குடையை விரித்தாள். தலைமயிர் காய வைக்கும் மெசினைத் தூரத்தில் ஓடவிட்டு, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டக் கொண்டுவந்தாள். சில்லு வைத்த சூட்கேஸை விறாந்தையில் அங்குமிங்கும் உருட்டினாள். என்னைக் குளிர்க்கண்ணாடியும் தொப்பியும் போட்டு வரச்சொன்னாள். குட்டி பயப்படாவிட்டால் உடனே ஒரு துண்டு இறைச்சி. எனக்கு ஒன்றும் தரவில்லை.

தொலைபேசியில் அந்தப் பள்ளிக்கூடத்தின் ஒலிப்பதிவும் வைத்திருந்தாள். ரயில் சத்தம், புதுவருட வெடிச் சத்தம், கடைசியாக வீதியில் பனி வழிக்கும் வண்டியின் சத்தம். குட்டி சோறு தின்னும்போது அதையெல்லாம் மெல்லமாகப் போடுவாள். திருகோணமலையில் ஒரு நாய் பனி வழிக்கும் வண்டிக்குப் பழகிக்கொண்டிருந்தது. நான் கதிரையில் இருந்து பிளேன்ரீ குடித்தபடி, என் பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரி என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். ஒருவருக்கும் ஒரு பிழையும் தெரியவில்லை.

3

வெளியே இருந்ததை நாங்கள் வெளியிலேயே வைத்திருந்தோம்.

அந்த வீட்டுக்கு நான் ஒரு கேற் போட்டுக் கொடுத்திருந்தேன். ஆளுயரத்துக்கு மேல், முழுவதும் இரும்புத் தகடு. வெளிநாட்டுக்காரன் போட்ட கேற் என்று பத்து வீடு தள்ளியே தெரியும். அதைச் சாத்தினால் உள்ளே இருந்து வீதியும் தெரியாது, வீதியில் இருந்து வீடும் தெரியாது. பாதுகாப்பு என்றால் அதுதான் என்று எனக்கு ஒரு எண்ணம்.

போய் இறங்கிய புதிதில் எங்களுக்கு நேரம் கெட்ட நித்திரை. அதனால் அக்கா யோகனிடம், "பிள்ளையள் படுத்திருக்குதுகள், ஹோர்ன் அடியாதையும்," என்று சொல்லி வைத்தார். பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் பாண் ஓட்டோக்காரரிடமும் பாட்டை நிறுத்தச் சொன்னார். பிறகு எங்கள் நித்திரை சரியாகிவிட்டது. ஆனால் நாங்கள் திரும்பிப் போகும்வரை சத்தத்தைத் திரும்பப் போடச் சொல்ல ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. எல்லா ஊசியும் போட்டு முடியும்வரை குட்டியை வீதியில் விடவேண்டாம் என்று மிருக வைத்தியர் சொன்னார். அது நியாயம்தான். தூக்கிக்கொண்டுபோய் வீதியைக் காட்டியிருக்கலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பிறகு விருந்தாளிகள். வெளிநாட்டில் இருந்து வந்தவனைப் பார்க்கச் சனம் வராமல் இருக்குமா? வருகிறவர்கள் கேற்றில் நின்றே கேட்பது, "நாயைக் கட்டியாச்சோ?" உடனே குட்டியை அறைக்குள் போட்டுக் கதவைச் சாத்துவோம். தனியே விட்டால் அழும் என்று அபியும் அதோடு அறைக்குள் போய்விடுவாள். றஹீமா வந்தாலும் அப்படித்தான். அவர் அஞ்சு நேரமும் தொழுகிறவர், நாயின் வாய் பட்டுவிட்டால் அவருக்குப் பெரும் பாடு என்று என் மனைவி மரியாதையாகக் குட்டியைப் பூட்டிவிடுவாள். றஹீமா அக்காவோடு குசினிப்படியில் இருந்து ஊர்க்கதை எல்லாம் கதைத்துவிட்டுப் போவார். குட்டி அவரைக் கதவிடுக்கால்தான் கேட்டது.

ஆகமொத்தம் அந்தக் குட்டியின் உலகத்தில் நாங்கள் மூன்று பேரும் அக்காவும்தான் இருந்தோம். ஜீன்ஸ், அரைக்காற்சட்டை, வெயிலுக்குப் பூசும் கிரீமின் மணம், டெனிஷ் கலந்த தமிழ். விடுமுறை முடிந்து நாங்கள் விமானம் ஏறினோம். குட்டி ஏறவில்லை, ஆனால் வெளிநாட்டுக்காரனாகிவிட்டது.

இடுப்பில் சாரம் கட்டிய ஆம்பிளையைக் கண்டால் குரைப்பு. மீன்பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிளைக் கண்டால் குரைப்பு. கோயில் மேளம் கேட்டால் கட்டிலுக்குக் கீழே. ஆனால் ஒருநாள் கேற் திறந்திருந்த நேரம் ஒரு வெள்ளைக்காரர் கடற்கரைக்கு வழி கேட்டு வந்திருக்கிறார். அக்கா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "உன்ர நாய் வாலை ஆட்டிக்கொண்டு அவனை முற்றம் வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்தது தம்பி. கதிரை எடுத்துப் போடாத குறை."

4

அக்கா எடுத்த அன்று, நான் வேலை செய்யும் மீன் தொழிற்சாலையில் எட்டு மணித்தியாலமும் என் கை மீனில் இருந்தது, மனம் அக்காவின் கேற்றடியில் நின்றது. திருகோணமலையில் பிறந்தவன் பூமியைச் சுற்றி வந்து இன்னொரு துறைமுகத்தில் மீன் வெட்டுகிறான் என்று ஊரில் என்னைப் பகிடி பண்ணுவார்கள். பண்ணட்டும், எனக்கு இந்த வேலை பிடிக்கும். கை பழகிய வேலை செய்யும்போது நன்றாக யோசிக்கலாம்.

யோசித்தால் நாய் போய் அபி வந்தாள்.

அபி சின்னவளாக இருந்தபோது பாலர் பள்ளி ஆசிரியை எங்களைக் கூப்பிட்டு, பிள்ளையை மற்றப் பிள்ளைகளோடு நிறையப் பழகவிடுங்கள் என்று சொன்னார். நாங்கள் சொல்வழி கேட்கிற சனம். ஒரு பிறந்தநாள் விழாவையும் விடவில்லை. மற்றப் பெற்றோரோடு நின்று கேக் தின்று, விளங்காத பகிடிக்கும் சேர்த்துச் சிரித்தோம். ஒருமுறை விழா முடிந்து புறப்படும்போது நன்றி சொல்வதாக நினைத்து, இழவு வீட்டில் சொல்லும் அனுதாபத்தைச் சொல்லிவிட்டு வந்தேன். அபிக்கு இந்தப் பட்டணத்தில் பயமான ஆள் ஒருவரும் இல்லை. அது எங்கள் வெற்றிதான், அதில் எனக்குச் சந்தோசம்தான்.

ஆனால் எங்கள் ஆட்கள் வீட்டுக்கு வந்தால் அவள் ஒரு வணக்கம் சொல்லிவிட்டு மேலே ஏறிவிடுவாள். படிக்கிற பிள்ளை, விடுங்கோ என்று நாங்களே சொல்லிக் கொடுத்த பழக்கம். ஊரில் அந்த அறைக்குள் குட்டியோடு அவள் இருந்ததும் குட்டிக்காக மட்டும் இல்லை. அவளுக்கு எங்கள் ஆட்கள் மேல் வெறுப்பு இல்லை, பழக்கம் இல்லை. இதை நினைத்தபோது எனக்கு மனம் நொந்தது. ஒரு நாயை வைத்துத்தானா எனக்கு இது விளங்கவேண்டும் என்று என்மேலேயே எரிச்சலும் வந்தது.

5

பின்னேரம் அபியிடம் சொன்னேன். அவளுடைய முகம் சுருங்கிவிட்டது.

"நான் எல்லாம் சரியாத்தானே செய்தனான் அப்பா?"

"ஓமம்மா. இங்க இருக்கிற நாய்க்குச் சரியாச் செய்தனி."

பிறகு, பிந்திவிட்டது, ஆனால் முடிந்துவிடவில்லை என்றாள். குட்டியில் சில நாளில் பழகவேண்டியதை வளர்ந்த பிறகு மாதக்கணக்கில் பழக்க வேண்டுமாம். முதலில் நாய்க்கு வீதி தெரியவேண்டும், போகிற வருகிற சனம் தூரத்தில் தெரியவேண்டும்.

"அந்தக் கேற்றுக்கு ஓட்டை இல்லை அப்பா. அதால ஒண்டும் பாக்க ஏலாது. அந்தத் தகட்டைக் கழட்டுங்கோ."

என் கேற்றையா! தகடு இல்லாத கேற் ஒரு கேற்றா, கள்ளன் வந்தால் என்ன செய்வது, அக்கா தனியே இருக்கிறா என்றெல்லாம் சொன்னேன்.

"மாமிக்குக் காய்ச்சல் வந்தது வெளியில தெரியேல்லைத்தானே," என்றாள் அபி. அவ்வளவுதான் சொன்னாள்.

அக்காவுக்கு எடுத்தேன். அவருக்கும் அந்தக் கேற்றில் ஒரு பெருமை இருக்கும், மறுப்பார் என்று ஒரு நப்பாசை.

"கழட்டட்டோ? உண்மையாவோ?" என்றார் அக்கா. "நீ மனவருத்தப்படுவாய் எண்டு இவ்வளவு நாளும் வாய் திறக்கேல்லை. எனக்குத் துறைமுகத்துக்குப் போற வாற வாகனம் ஒண்டும் தெரியுதில்லையடா. ஜெயிலுக்கை இருக்கிற மாதிரி."

தகடுகள் கழன்றன. யோகன் அவற்றைச் சல்லிக்குக் கொண்டுபோய்க் கருவாட்டுக் கொட்டிலுக்குக் கூரையாகப் போட்டார். கம்பிகள் மட்டும் மிஞ்சிய கேற்றின் படத்தை அக்கா அனுப்பினார். அதற்குள்ளால் ஒரு மான் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது. திருகோணமலைப் பட்டணத்தில் மான்கள் ஆட்களைப் போல வீதியில் திரிகிறவை. பனி முற்றத்தின் மறு மூலையில் ஒடுங்கி நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

6

யோகன் வியாபாரம் முடித்துச் சல்லிக்குத் திரும்பும் நேரம் இங்கே விடியல். அபி பள்ளிக்கூடத்துக்குப் போகமுன் சாப்பாட்டு மேசையில் தொலைபேசியைத் தேத்தண்ணீர்க் கோப்பையில் சாய்த்து வைத்துக்கொண்டு இருப்பாள். அங்கே அக்கா தன் தொலைபேசியை முற்றத்துக் கதிரையில் நிமிர்த்தி வைப்பார். யோகனும் தன் தொலைபேசியில் அதே தொடர்பில் இருப்பார்.

"யோகன் மாமா, சந்தியில நில்லுங்கோ. மெல்லமா ஒருக்கா அடியுங்கோ."

தூரத்தில் ஹோர்ன் ஒரு முனகல் முனகும். பனி காதைத் தூக்கும். குரைக்க முதல் அக்கா ஒரு துண்டு மீனைப் போடவேண்டும். குரைத்துவிட்டால் யோகன் இன்னும் தள்ளிப் போகவேண்டும். சில நாள் பாவம் அந்த மனிதர் துறைமுக வீதி வரை பின்னுக்குப் போயிருக்கிறார்.

"பிள்ளை, இப்பிடியே போனால் நான் சல்லியில நிண்டுதான் ஹோர்ன் அடிக்கவேணும்," என்பார்.

அபி சிரிப்பாள். அவள் தமிழில் சிரித்துக் கதைப்பதை நான் குசினிக்குள் நின்று கேட்பேன். நாங்கள் அவளுக்கு மரியாதைத் தமிழ் மட்டும்தான் பழக்கினோம். அதனால் அவள் நாயோடும் அப்படித்தான் கதைத்திருக்கிறாள். பனிக்கு 'இரு' என்றால் விளங்காது, 'இருங்கோ' என்றால்தான் குந்தி இருக்கும். அரசாங்கக் கச்சேரி அதிகாரிக்கும் குனியாத யோகன் இப்போது ஒரு நாயைப் பார்த்து, "இருங்கோ, தயவு செய்து இருங்கோ," என்று மன்றாடுகிறார்.

கிழமைகள் போயின. யோகன் சந்தியில் இருந்து மதில் மூலைக்கு வந்தார், மூலையில் இருந்து கேற்றுக்கு வந்தார். ஒருநாள் ஹோர்ன் கேட்டதும் பனி எழும்பிக் கேற்றடிக்கு ஓடி, குரைக்காமல், வாலை ஆட்டியது. அக்கா தொலைபேசியைத் தூக்கி எங்களுக்குக் காட்ட முயன்று வானத்தைத்தான் காட்டினார். அபி மேசையில் அடித்து ஆரவாரம் செய்தாள். பிறகு யோகனிடம் அவருடைய பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், படகு என்ன நிறம் என்று தானாகவே கேட்கத் தொடங்கினாள். பள்ளிக்கூட பஸ்ஸையும் தவறவிட்டாள். எனக்கு அவரில் கொஞ்சம் பொறாமை. என்னிடம் அவள் இவ்வளவு கேட்டதில்லை.

றஹீமாவின் காரியம் வேறு. நாய் அவரைத் தொடவும் கூடாது, அவரைக் கண்டு பயப்படவும் கூடாது. நான் இது நடக்காத காரியம் என்றேன். அபி என்னைப் பார்த்த பார்வையில், நான் நாய்ப் பள்ளிக்கூடத்தில் முதலாம் வகுப்பே தாண்டாதவன் என்று தெரிந்தது. எல்லாரும் நாயைக் கட்டிப்பிடிக்க வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லையாம். ஒரு ஆள் அங்கே இருக்கிறார், அவரால் ஒரு கெடுதியும் இல்லை என்று நாய்க்குத் தெரிந்தால் போதுமாம். மாமரத்தடியில் ஒரு சாக்கு போடப்பட்டது. றஹீமா குசினிப்படியில், பனி சாக்கில். இடையில் முற்றம்.

"அது அங்க இரிக்கட்டும், நான் இங்க இரிக்கேன்," என்றார் றஹீமா தொலைபேசியைப் பார்த்து. "அதோட எனக்குக் கோபமில்ல புள்ள. அதுட வாயோடதான் சங்கடம்."

சாக்கில் இருந்த நாய் கொஞ்சநேரத்தில் தலையைக் கீழே வைத்து நித்திரையாகிவிட்டது. அக்காவும் றஹீமாவும் எங்களை மறந்துவிட்டுக் கதைக்கத் தொடங்கினார்கள். அபி தொடர்பைத் துண்டிக்காமல், பாணைக் கடித்தபடி, அந்தக் கதை முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

7

இந்தக் கோடையில் திரும்பவும் போனோம். ஓட்டோ வீட்டு வாசலில் நின்றது. கேற் பாதி திறந்திருந்தது. யோகனின் மோட்டார் சைக்கிள் உள்ளே மாமர நிழலில் நின்றது. றஹீமா குசினிப்படியில் இருந்தார். அக்கா தயிர்ச்சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். காய்ச்சல் வந்தால் இனி ஒரு நாள்கூடத் தெரியாமல் போகாது என்று நினைத்தேன். வந்த களை எல்லாம் அந்த இடத்திலேயே போய்விட்டது.

பெட்டியை இறக்கிக்கொண்டு, அக்கா என்று கூப்பிட்டபடி காலை உள்ளே வைத்தேன். சாக்கில் இருந்து ஒரு வெள்ளை நாய் பாய்ந்து வந்தது. வளர்ந்து, நெஞ்சு அகன்று, ஊர் மண்ணின் நிறம் ஏறிய நாய். ஜீன்ஸும் குளிர்க்கண்ணாடியும் தொப்பியும் போட்டு, சில்லுப் பெட்டியோடு நின்ற என்னைப் பார்த்து அது குரைத்த குரைப்பில் நான் வீதிக்கே வந்துவிட்டேன்.

றஹீமா இருந்த இடத்தில் இருந்தே சொன்னார்: "பயப்புடாதீங்க தம்பி! தெரிஞ்ச ஆக்கள ஒண்டும் செய்யாது."

அக்கா சட்டியை வைத்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். அப்போது அபி எனக்குப் பின்னால் ஓட்டோவில் இருந்து இறங்கி, "பனி, இருங்கோ," என்றாள். நாய் குரைப்பைப் பாதியில் விழுங்கி, இருந்தது. கிட்டத்தட்ட அரை வருடம் தொலைபேசியில் கேட்ட குரல். அவள் என்னைத் தாண்டி உள்ளே போனாள். நாய் அவளுடைய கையை மணந்தது, பிறகு நின்ற நிலையில் உடம்பெல்லாம் வாலாகிவிட்டது. யோகன், "வாங்கோ பிள்ளை," என்றார். அவள் றஹீமாவுக்குப் பக்கத்தில் படியில் போய் இருந்து, பஸ் பயணம் எப்படி, முழங்கால் நோ குறைந்ததா என்று கேட்கத் தொடங்கினாள். அறைக்குள் போகவில்லை.

"அப்ப நான்?" என்றேன் வெளியில் இருந்து.

"நீங்கள் கொஞ்சம் அங்கயே நில்லுங்கோ அப்பா," என்றாள் அபி. "அதின்ர முகத்தைப் பாக்காதேங்கோ. அது தானா வரட்டும்."

யோகன் பெட்டியைத் திறந்து ஒரு சூரை மீன் தலையை எடுத்து, கம்பிக்குள்ளால் என் கையில் தந்தார். நான் கட்டிய கேற்றுக்கு வெளியே, நடு வெயிலில், மீன் தலையோடு நின்றேன். கம்பிகளுக்குள்ளால் என் அக்கா தெரிந்தார், என் மகள் தெரிந்தாள், அவர்கள் கதைப்பதும் கேட்டது. உள்ளே போக எனக்கு ஒரு அவசரமும் இருக்கவில்லை.